கூரை மாறும், கோடு மாறுமா?

குடிசைத் தீ ஓய்ந்த இடத்தைப் போய்ப் பார்த்தவர்கள் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள். வரிசையில் இருபது முப்பது வீடு சாம்பலாகிக் கிடக்கும். நடுவில் ஒன்று மட்டும் கீற்றுகூடக் கலையாமல் நிற்கும். வேலியோரத்து முருங்கையோ தென்னையோ ஒரு பக்கம் வாடியிருக்கும், அவ்வளவுதான். தெருவில் இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஆத்தா காப்பாற்றினாள் என்பது ஒன்று. அந்த வீட்டுக்காரர் சமயம் பார்த்துக் கூரையில் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்பது இன்னொன்று.

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற மலையூர் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. பிறகு வானிலிருந்து எடுத்த படங்களில் வீடு இருந்த இடத்தில் அடித்தளமும் புகைபோக்கியும் மட்டும் தெரிகின்றன. இரண்டு வீடுகளுக்கு நடுவே நின்ற பைன் மரங்களில் பல பச்சையாகவே இருக்கின்றன. பெயர் காட்டுத்தீ, மரம் நிற்கிறது, ஊர் போய்விட்டது. நம் குடிசைப் புதிரும் அந்தப் புதிரும் ஒன்றுதான்.

இதை அவிழ்க்காமல் எரிந்த ஊரைத் திரும்பக் கட்டுவது பற்றிப் பேச முடியாது. திரும்பக் கட்டும்போது எதை மாற்றுகிறோம், எதை மாற்றாமல் விடுகிறோம் என்பதில்தான் அடுத்த தீயின் கணக்கு இருக்கிறது.

கார்த்திகையன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தும்போது நின்று பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். பத்தடியில் முகம் பொசுங்கும், நிற்க முடியாது. முப்பதடி தள்ளிப் போனால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம். அனல், காற்றைச் சூடாக்கித்தான் நம்மிடம் வர வேண்டும் என்பதில்லை. ஒளி வருவதுபோல நேராகவே வருகிறது. இதுதான் வெப்பக் கதிர்வீச்சு. தூரம் கூடக்கூட அது மிக வேகமாகக் குறையும். ஆனால் அதே முப்பதடியில் நிற்பவர் சட்டைமேல் பனையோலைப் பொறி ஒன்று பறந்து வந்து விழலாம். பொறிக்கு முப்பதடி ஒரு தூரமே இல்லை. காற்று இருந்தால் அடுத்த தெருவுக்கும் போகும். எரிந்துகொண்டே பறக்கும் இந்தத் துண்டுகளைக் கங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஊருக்குள் தீ இரண்டு கால்களில் நடக்கிறது. அனலின் கால் குட்டையானது, பலம் மிக்கது. கங்கின் கால் நீளமானது. ஆனால் விழுந்த இடத்தில் எளிதில் பற்றக்கூடிய ஏதாவது இருந்தால்தான் அதற்கு வேலை.

எப்படித் தெரியும்? அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் நடந்த பெரும் சோதனை ஒன்றில் கலந்துகொண்டார். அங்கே காட்டைத் துண்டு துண்டாக வேண்டுமென்றே கொளுத்தினார்கள். காட்டின் விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டர் தள்ளி மரச் சுவர்களை நிறுத்தி வைத்தார் கோஹன். மரங்களின் உச்சிவரை கொழுந்துவிட்டு எரிந்தபோதும் 10 மீட்டர் சுவர்தான் சில முறை பற்றியது. 20 மீட்டருக்கு அப்பால் இருந்தவை பற்றவில்லை. காரணம், மரத்தின் உச்சியில் பிடித்த தீ ஓர் இடத்தில் ஓரிரு நிமிடமே கொழுந்துவிடும். அதற்குள் எதிர்ச் சுவர் பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை.

வீடு அப்படியல்ல. பீரோ, மெத்தை, துணிமணி, கதவு, நிலை என்று ஒரு வீடு மணிக்கணக்கில் எரியும். பக்கத்து வீட்டுக்கு அருகில் நின்று எரியும் காட்டைவிட, எரியும் வீடுதான் ஆபத்து. பச்சை மரத்தின் உடலில் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகித் தீர்ந்த பிறகே மரம் பற்றும். வெயிலில் காய்ந்த கீற்றுக்கோ தண்ணீரும் இல்லை, தடிமனும் இல்லை. சில விநாடி போதும். பைன் மரம் பிழைத்து வீடு போனது இப்படித்தான். குடிசை வரிசையில் தனியாக நின்ற வீட்டுக்கும் இங்கேதான் பதில். இருபுறமும் கூடுதலாகக் கொஞ்சம் இடம், காற்றுக்கு மறுபுறம், அல்லது தெருவில் அது ஒன்றுதான் தளம் போட்ட வீடு என்று ஏதாவது ஒன்று இருந்திருக்கும். கூரையில் ஊற்றிய தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஆத்தாவின் பங்கை அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

கங்கின் வேலையைப் பார்க்க அமெரிக்காவின் தென் கரோலினாவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பிரம்மாண்டமான கூடம் கட்டியிருக்கின்றன. சுவர் முழுக்க 105 ராட்சத விசிறிகள். உள்ளே முழு வீட்டையே நிறுத்தி, அதன்மேல் கங்கு மழை பொழியச் செய்கிறார்கள். கங்கு சுவரைத் தாக்கி வீட்டை எரிப்பது அபூர்வம். மழைநீர்த் தகரக் கால்வாயில் சேர்ந்த சருகு, கதவடியில் கிடக்கும் மிதியடி, பரணுக்குப் போகும் காற்றுத் துளை என்று சின்னச் சின்ன இடங்களில்தான் அது குடிபுகுகிறது. 2017இல் சான்டா ரோசா நகரின் காஃபி பார்க் குடியிருப்பு எரிந்தபோது கங்குகள் பல வழி நெடுஞ்சாலையையே தாண்டி வந்திருந்தன.

இப்போது புதுச்சேரியின் உப்பளம் பகுதிக்கு வருவோம். சுப்பையா சாலைக்கு வடக்கே உள்ள பழைய நகரம் கட்டம் போட்ட தெருக்களும் சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்களுமாக இருக்கிறது. சாலையைத் தாண்டித் தெற்கே அம்பேத்கர் சாலை பக்கம் இறங்கினால் மனைகள் சுருங்குகின்றன. வம்பாக்கீரப்பாளையம் நெருங்க நெருங்க இரண்டு வீட்டுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கிற சந்துதான். ஓலை வீடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டம் போன்றவற்றில் பணம் வாங்கித் தளம் போட்டவர்கள் ஏராளம். அதே தளத்தின்மேல் வெயிலுக்காகக் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டிருப்பார்கள். அதன் கீழே பழைய நைலான் வலை, விறகு, தார்ப்பாய். அனலின் கால் இடறிவிடும் இடத்தில் கங்கின் காலுக்கு நாமே பாய் விரித்து வைத்திருக்கிறோம்.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் காலை முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்துக் கூரையைக் காய்ச்சும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே வரும், உடம்புக்கு இதம். தீ எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் வந்தால் அந்த இதம்தான் வினை. கிழக்கு நோக்கி நாக்கு நீட்டிப் போய்க்கொண்டிருந்த தீயின் நீளமான பக்கவாட்டு ஓரம் முழுவதும் திடீரென முன்முகமாக மாறிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் இறந்த தீயில் இப்படித் திரும்பிய காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கூரைக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை தெரிந்ததே. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத் தீ. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளி, 94 குழந்தைகள். இரண்டிலும் தலைக்குமேல் கீற்று. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற ஒரு திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று இப்போது இன்னொரு திட்டம் நடக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஓலைக் கூரையையே தீக்குத் தாக்குப்பிடிக்க வைக்க, தார் கலந்த மண்பூச்சு ஒன்றை எப்போதோ கண்டுபிடித்தது. தளம் போட ஆசைப்படுகிற நாட்டில் அது பரவவில்லை.

இதெல்லாம் பொருளை மாற்றும் வேலை. எரிந்த ஊர்கள் இதை எப்போதும் ஒழுங்காகவே செய்கின்றன. 1666இல் லண்டனில் நான்கு நாள் எரிந்த தீயில் சுமார் 13,200 வீடுகள் போயின. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: இனி செங்கல் அல்லது கல் மட்டும். கிறிஸ்டோபர் ரென் உள்ளிட்ட சிலர் அகன்ற நேர்ச் சாலைகளோடு புது நகரத்துக்கே வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். அவை காகிதத்தோடு நின்றன. சில தெருக்களை அகலப்படுத்தினார்கள். மற்றபடி ஊர் பழைய கோட்டிலேயே எழுந்தது. சாம்பலுக்கு அடியில் யாருடைய மனை எங்கே முடிகிறது என்ற கோடு எரியவில்லையே!

புதுச்சேரிக்கும் இது தெரியும். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அது தீயால் வந்த அழிவல்ல, போர். ஆனால் பாடம் பொருந்தும். 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியதும் ழான் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் கட்டியபோது, பழைய தெருக்கட்டத்தின் மேலேயே கட்டினார்கள். காலியான பூமி கிடைத்தால் எதையும் வரையலாம் என்பது வரைபவரின் நினைப்பு. திரும்பி வருகிறவனுக்கு அது காலியான பூமியே அல்ல. அவன் வீட்டு வாசற்படி இருந்த இடம்.

ஆக, கூரை மாறுகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறுவதில்லை. அனலைத் தடுப்பதோ அந்த இடைவெளிதான்.

ஏன் மாறுவதில்லை என்பதற்கு மனைக்கோடு ஒரு காரணம் என்றால், நேரம் இன்னொன்று. பேரழிவுக்குப் பிந்தைய நகரங்களை ஆராய்ந்த ராபர்ட் ஒல்ஷான்ஸ்கியும் அவர் கூட்டாளிகளும் இதைக் கால நெருக்கம் என்ற கருத்தால் விளக்கினார்கள். சாதாரண நாளில் ஒரு தெருவில் நாற்பது ஐம்பது வருடத்தில் ஒவ்வொன்றாக நடக்கும் வேலை, வீடு கட்டுவதும் குழாய் பதிப்பதும் கடன் வாங்குவதும் பாகம் பிரிப்பதும், அழிவுக்குப் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. எல்லா வேலையும் ஒரே அளவுக்கு நெருக்கிப் பிடிக்க இடம் கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். பணத்தை ஒரே நாளில் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். சிமென்ட் காய அதற்கான நாள் ஆகும். ஐம்பது குடும்பம் உட்கார்ந்து, யார் ஒன்றரை அடி விட்டுக்கொடுப்பது என்று பேசி முடிப்பதை எந்த அரசாணையாலும் விரைவுபடுத்த முடியாது. ஆகவே பணம் முதலில் வருகிறது, வீடு அடுத்து வருகிறது, பேச்சு வருவதே இல்லை.

குடிசைத் தீயில் இந்த ஓட்டம் இன்னும் வேகம். மாலையில் எரிந்தால் இரவு பள்ளிக்கூடத்தில் அல்லது சமுதாயக் கூடத்தில் படுக்கை; சாப்பாட்டுப் பொட்டலம், வேட்டி சேலை, அரிசி. மறுநாள் வருவாய்த்துறையினர் பட்டியல் எழுத வருவார்கள். மூன்றாம் நாள் அதே இடத்தில் தார்ப்பாய் ஏறியிருக்கும். இதை அவசரம், அறியாமை என்று படித்தவர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. புறம்போக்கில் இருப்பவர் ஒரு வாரம் தள்ளி இருந்தால் அந்த இடம் அவருடையதாக இருக்குமா என்பது நிச்சயமில்லை. தார்ப்பாய்தான் அவருடைய பட்டா.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லை, சில வார்த்தைகள். மத்திய அரசின் 2022–26 பேரிடர் நிவாரண விதிமுறைகளில் தீயும் ஒரு பேரிடர். அதன்படி சமவெளியில் முழுதாக அழிந்த வீட்டுக்கு, அது கச்சா வீடாக இருந்தாலும், 1,20,000 ரூபாய். அழிந்தது 'குடிசை' என்றால் 8,000 ரூபாய். மாநில அரசுகள் தம் பங்குக்குக் கூட்டிக் கொடுப்பது வேறு கணக்கு. மண்சுவர் வைத்து மேலே கீற்று வேய்ந்தது கச்சா வீடா, குடிசையா? சாம்பலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. எழுதுகிறவர் பேனா எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான். ஒரே கூரையின் கீழ் அப்பா குடும்பமும் கல்யாணமான மகன் குடும்பமும் இருந்து சிவப்பு ரேஷன் கார்டு ஒன்றே ஒன்று என்றால் பட்டியலில் ஒரு வரிதான். வாடகைக்கு இருந்தவர் பெயர் ஏறுமா என்பது வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது. லண்டனில் 1667இல் இதற்கென்றே தீ நீதிமன்றம் ஒன்றை அமைத்தார்கள். எரிந்த வீட்டுக்கும் வாடகை கட்டவேண்டிய நிலையில் குடித்தனக்காரர்கள் இருந்தார்கள்; யார் கட்டுவது, யார் எவ்வளவு தாங்குவது என்று நீதிபதிகள் வழக்கு வழக்காகத் தீர்த்துவைத்தார்கள். ஊர் எழுந்ததற்கு செங்கல்லோடு அந்த நீதிமன்றமும் ஒரு காரணம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் தோன்றிய இந்த யோசனை நமக்கு இன்னும் தோன்றவில்லை.

மீட்சியை ஆராய்கிறவர்கள் வெகுகாலம் கட்டடத்தையும் பணத்தையும்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1977இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த சான்ஃபிரான்சிஸ்கோ முதலிய ஊர்களைப் பார்த்து, மீட்சி கட்டம் கட்டமாக நடக்கிறது, ஒவ்வொரு கட்டமும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு நீளம் என்று கணக்குச் சொன்னது. அழகான கணக்கு. ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம் நடக்கும்போது எதிர்வீட்டுக்காரர் இன்னும் தார்ப்பாயின் கீழ் இருப்பார் என்பதை அது சொல்லவில்லை.

அதைச் சொன்ன ஆய்வுகளில் ஒன்று நம் கடற்கரையிலேயே நடந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் 1923இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த தோக்கியோ, 1995இல் கோபே, 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழ்நாடு, 2005 புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ் நான்கையும் ஒப்பிட்டார். எந்தப் பகுதி வேகமாக மீண்டது என்பதைச் சேதத்தின் அளவோ நிவாரணத்தின் அளவோ மட்டும் தீர்மானிக்கவில்லை. மக்களுக்குள் முன்பே இருந்த பிணைப்பு, ஒருவரை ஒருவர் நம்பிச் செயல்படும் பழக்கம், அவர் கணக்கில் பெரிய இடம் பிடித்தது. இதைச் சமூக மூலதனம் என்கிறார்கள். தோக்கியோவில் தேர்தலுக்கு வந்து வாக்களித்தவர்களின் விகிதமும் ஊர்வலங்களின் எண்ணிக்கையும் அதிகமாக இருந்த பேட்டைகளில் மக்கள் விரைவில் திரும்பிக் குடியேறினார்கள். தமிழ்நாட்டில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவ கிராமங்கள் உதவியைச் சீக்கிரம் பெற்றன.

அதே ஆய்வின் மறுபக்கம் கசப்பானது. பட்டியலை எழுதியதும் அந்தப் பஞ்சாயத்துதான். அதில் இடமில்லாத தலித் குடும்பங்களும் கணவனை இழந்த பெண்களும் பல இடங்களில் உதவிக்கு வெளியே நின்றார்கள். ஒற்றுமையுள்ள ஊர் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. யார் யாரோடு ஒற்றுமை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பிணைப்பு இருந்தும் பணம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாரடைஸே சாட்சி. 2010 கணக்கெடுப்பில் 26,000 பேருக்கு மேல் இருந்த ஊர், 2020இல் 5,000க்கும் கீழே. அங்கே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தடையும் வந்தது. எரியாமல் தப்பிய வீட்டுக் குழாயிலும் பென்சீன் கலந்த தண்ணீர் வந்தது. தீயின்போது குழாய்களில் அழுத்தம் இறங்கிப் புகை உள்ளே உறிஞ்சப்பட்டதும், சூட்டில் பிளாஸ்டிக் குழாய்கள் சிதைந்ததும் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நமக்கு இதற்கு இணையான ஆபத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தீயில் அது பட்பட்டென்று வெடித்துச் சிதறும்; அந்தச் சில்லுகளிலும் தூளிலும் நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிழைகள் இருக்கும். மறுநாள் காலையில் வெறுங்கையோடு சாம்பலைக் கிளறி நகையும் சான்றிதழும் தேடும் பெண்களும் பிள்ளைகளும் மூக்கில் ஈரத்துணியாவது கட்டிக்கொள்வது நல்லது. சாம்பலின்மேல் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறினால் தூள் பறப்பது குறையும்.

இடைவெளிக்குத் திரும்பலாம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத் தீப்பொறியியல் ஆய்வாளர்கள் தகரக் குடிசைகளை நிஜ அளவில் வரிசையாகக் கட்டி, கொளுத்தி, கருவிகளால் அளந்து பார்த்திருக்கிறார்கள். தகரம் எரியாது, ஆனால் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும்போது சன்னல், கதவு வழியே வெளியே பாயும் தீ அடுத்த வீட்டின் திரையையும் அட்டையையும் பிடித்துக்கொள்ள நிமிடங்கள் போதும் என்று தெரிந்தது. எரியாத கூரை இருந்தும் வரிசை எரிகிறது. உப்பளத்தில் தளம் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

அதே நாட்டின் கேப் டவுனில் இமிசாமோ யெத்து என்ற குடியிருப்பில் 2017 மார்ச்சில் 2,000க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. நகராட்சி சரியான யோசனையோடுதான் வந்தது: உடனே கட்டாதீர்கள், தீயணைப்பு வண்டி நுழையும் பாதையும் இடைவெளியும் விட்டு வரிசையை மாற்றி அமைத்துத் தருகிறோம். மாதங்கள் ஓடின. தற்காலிக முகாமில் இருந்தவர்கள் பொறுமை இழந்தார்கள், போராட்டம் வெடித்தது, வேலை நின்றுபோனது. அதே நகரத்தின் ம்ட்ஷினி வாம் குடியிருப்பில் 2012–13இல் சுமார் 250 வீடுகளை இதே முறையில் மறுவரிசைப்படுத்தி முடித்திருந்தார்கள். அங்கே ஊரையே ஒரேயடியாகக் கலைக்கவில்லை. சில வீடுகள் கொண்ட ஒரு கொத்தைப் பிரித்து, இடம் விட்டு, மறுபடி நிறுத்திவிட்டு அடுத்த கொத்துக்குப் போனார்கள். அளவெடுத்ததும் யார் எவ்வளவு விடுவது என்று பேசியதும் அங்கு குடியிருந்தவர்களே.

தீக்கு முன்னால் இப்படிப் பேச நம் தெருக்களிலும் சமயங்கள் வருகின்றன; அவற்றைச் சமயமாக யாரும் நினைப்பதில்லை. கீற்று இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. கூரை பிரிக்கும் நாளில் வீடு கொஞ்சம் இளகியிருக்கும். வீடு கட்டும் திட்டத்தில் பணம் வாங்கியவர் பழையதை இடித்து அடித்தளம் தோண்டும் நாளும் அப்படித்தான். அன்று சுவரை ஓரடி உள்ளே தள்ளி எழுப்ப ஆகும் கூடுதல் செலவு சொற்பம். போகிற மனைக்கு ஈடு கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஒரு தலைப்பு இல்லை என்பதுதான் தடை. திட்டத் தொகையோடு, இருபுறமும் இடைவெளி விடுகிறவருக்கு இவ்வளவு கூடுதல் என்று ஒரு வரி சேர்த்தால், பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து விட்டால் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்று எழுதினால், உப்பளத்துச் சந்து ஒவ்வொன்றும் எத்தனை வருடத்தில் எத்தனை அடி அகலும் என்று நகராட்சிப் பொறியாளர் ஒருவர் ஒரே பிற்பகலில் கணக்குப் போட்டுவிடலாம்.